மாமன் ஏற்றிய மாப்பிள்ளை

ஆகஸ்ட் 18, திங்கள்

ரிக் வண்டி அர்த்தநாரியாகிய நான், பூமிக்கு அடியில் பார்த்துவந்த வேலையை நிறுத்திவைத்துவிட்டு, இன்று முதல் பூமிக்கு மேலே உளவு வேலையை ஏற்றுக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் போர்வெல் போட எவனும் கூப்பிடுவதில்லை. வண்டி திருச்செங்கோட்டில் ஷெட்டில் நிற்கிறது. அதன் மேனேஜர் நானும் சும்மா நிற்கிறேன். இந்த நாட்டின் வயிற்றில் நான் போடாத ஓட்டை இல்லை. ராஜஸ்தானத்தில் ஒருமுறை நான் இறக்கிய குழாய் மறுபக்கம் அமெரிக்காவில் போய் முளைத்து, அங்கே ஒரு வெள்ளைக்காரன் தன் தோட்டத்துக்குள்ளிருந்து யாரோ தமிழில் திட்டுவதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தான். அப்பேர்ப்பட்டவனை ஈரோட்டிலிருந்து அக்கா மரகதம் போனில் கூப்பிட்டு, "டேய், கொஞ்ச நாள் இங்க வந்து இருடா. புள்ளை போக்கே செரியில்ல" என்றாள்.

புள்ளை என்றால் அக்காவின் ஒரே மகள் ரேணுகா. மச்சான் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு ஆண் துணை என்று இருப்பது தாய்மாமனாகிய நான் ஒருவனே. எனக்குக் கல்யாணமில்லை, எந்தப் பெண்ணும் ரிக் வண்டியின் சத்தத்தோடு போட்டிபோட முன்வரவில்லை. ரேணுவுக்கு ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை சஞ்சீவ், பெருந்துறை நாச்சிமுத்துவின் மகன். நானே அலைந்து, நானே பேசி, நானே முடித்த இடம்.

வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா காதில் சொன்னாள்: "கம்ப்யூட்டர்ல கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தா ஓடுதுடா. நான் உள்ள போனா டப்புனு மூடிக்கறா."

கருப்பு ஸ்கிரீன். வெள்ளை எழுத்து. டப்பென்று மூடுதல். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. எவனோ இருக்கிறான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அறைக்குள் நுழைய ஒரு காரணம் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்து, "சத்தம் வருது, கழட்டி மாட்டோணும்" என்று சொல்லி ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன். மேலேயிருந்து திரை முழுவதும் தெரிந்தது. ரேணு ஒரு வரி அடித்தாள். எண்டர் தட்டினாள். அவ்வளவுதான், வானத்திலிருந்து அருவி இறங்கியதுபோல் பெயர்களாகக் கொட்டியது. வாழைமரம், குத்துவிளக்கு, தேங்காய்த்தட்டு, பட்டுப்புடவை, பந்தல்.

"அம்மணி, அதென்ன அது?"

"டூலுங் மாமா. படத்தையெல்லாம் எங்க உலகத்துக்கு ஏத்தறது."

"எந்த உலகத்துக்கு?"

அவள் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் கம்பெனி, இல்லாத உலகம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறதாம். வி.ஆர். கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அதற்குள் போய் நடக்கலாம், உட்காரலாம், திரும்பிப் பார்க்கலாம். அந்த உலகத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு, புடவைக்குக் கரை, மனிதருக்கு முகம், எல்லாமே படங்கள்தான். படத்தை ஏற்றி ஒட்டினால்தான் உருவம் வரும்.

"ஒவ்வொரு படமா மவுஸ்ல இழுத்துப் போட்டா விடிஞ்சுருமுங். இதுல ஒரே வரி அடிச்சாப் போதும், போல்டரே போயிரும். நானே எழுதுனது. ஏத்துன்னு பேரு வெச்சிருக்கறேன்."

"சரி, கல்யாணப் படமா ஏத்தறியே, யாருக்கு?"

"நமக்குத்தானுங். என்ற கல்யாணத்தையே ஆபீஸ்ல சேம்பிளுக்கு எடுத்துக்கிட்டாங்க. ஃபாரின்ல இருக்கற ஒறம்பரை, சொந்தமெல்லாம் கண்ணாடி போட்டுக்கிட்டு அங்கயே வந்து உக்காந்து பாக்கலாம்."

பதில் கச்சிதமாக இருந்தது. கச்சிதமான பதிலை நான் நம்புவதில்லை. தண்ணீர் இருக்கிறது என்று தரை பளபளவென்று காட்டும் இடத்தில்தான் பாறை இருக்கும்.

பொழுதோடு மாப்பிள்ளை சஞ்சீவ் கூப்பிட்டார். "மாமா, அங்கதான் இருக்கறீங்களாமா? நல்லதாப் போச்சுங்க. அவளக் கொஞ்சம் பாத்துக்குங்க. என்ன பண்றா, யார்கூடப் பேசறான்னு அப்பப்ப எனக்குச் சொல்லுங்க." எவ்வளவு அக்கறை! கட்டப்போகிறவளை இப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிற மாப்பிள்ளை ஏழு கடலுக்கு அப்பால் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஃபேன் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். உளவுத்துறையில் இதெல்லாம் சகஜம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரேணு மொட்டைமாடியில் போனில் பேசினாள். நான் காய்ந்த துணி எடுப்பவன்போல் ஏறினேன். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். துணி எதுவும் காயவில்லை. மேலே கொடியும் இல்லை. வெறுங்கையோடு இறங்கினேன்.

மாலை அறிக்கையில் இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"எவ்வளவு நேரமுங்க மாமா பேசுனா?"

"ஒரு கால் மணி இருக்குமுங்க மாப்ள."

"சிரிச்சாளுங்களா?"

ஒரு தடவை சிரித்தாள் என்றேன். பிறகு, என்ன கலர் சுடிதார் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். காதலிப்பவர்களுக்கு நிறமெல்லாம் முக்கியம் போலும். நான் காதலித்தது மஞ்சள் பெயிண்ட் அடித்த கம்ப்ரசரை மட்டும்தான்.

ஆகஸ்ட் 23, சனி

ரேணுவுக்குக் கண் வீங்கியிருக்கிறது. மொட்டைமாடியில் யாரோடு பேசினாய் என்று மாப்பிள்ளை வெகுநேரம் கேட்டாராம். அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், கதவுக்கு இந்தப்பக்கம் நான் நின்றேன். மஞ்சள் சுடிதார் வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறதாம். அந்தத் தகவல் அவருக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. ஒற்றர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று நான் இன்னோர் உலகம் போய் வந்தேன்.

"வாங் மாமா, நீங்களே பாருங்" என்று ரேணு கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டாள். மாட்டியதும் அறை போயிற்று, ஈரோடு போயிற்று, என் முதுகுவலிகூடப் போயிற்று. முன்னால் ஒரு மண்டபம். மதுரையையும் தஞ்சாவூரையும் சேர்த்து உருட்டிச் செய்தாலும் அதன் வாசற்படிக்குக் காணாது. வாழைமரத்தில் தொங்கிய குலையைப் பறிக்கக் கை நீட்டி, அக்காவின் டேபிள் விளக்கைக் கீழே தள்ளினேன். சீர்த்தட்டுகள் கோவைச் சாலை லாரிகள்போல் வரிசை கட்டி நின்றன. சேலத்து மாமா, ஒலப்பாளையத்துச் சின்னம்மா, மெல்போர்னில் இருக்கும் பெரியப்பா மகன், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், முகத்தோடு. மணவறைக்கு வலப்பக்கம் தலையில் உருமாலைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக ஒருவர் நின்றார். யாரிந்த மகாராஜா என்று கிட்டப் போய்ப் பார்த்தால், நான். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டும் உரிமை தாய்மாமனுடையது. எனக்கு அந்த உலகத்திலும் அதைக் கொடுத்திருந்தாள். கண்ணாடிக்குள் புழுக்கம் அதிகம், கண் வேர்த்தது.

அப்புறம்தான் மணவறையைப் பார்த்தேன். பெண் உட்கார ஒரு மணை. பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு மணை.

மாப்பிள்ளை மணை காலி.

"எங்கம்மணி மாப்ள?"

"படம் இன்னும் வரலீங் மாமா" என்றாள். கண்ணாடிக்கு வெளியே அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். "என்னங்க மாமா, நிச்சயம் ஆன அன்னைக்கே ஒரு மூட்டை போட்டோ அனுப்பியாச்சுங்களே" என்றார்.

ஆக, பொய். சமையல்காரனுக்குக்கூட முகம் ஒட்டியவள், தாலி கட்டுபவனுக்கு ஒட்டவில்லை. அந்த மணையை வேறு எவனுக்கோ பிடித்து வைத்திருக்கிறாள், பஸ்ஸில் துண்டு போடுவதுபோல். யாரவன்? பெயரென்ன? மீட்டிங்கில் இருக்கும்போது அவள் காதில் மாட்டியிருக்கும் ஒயர் வழியாகப் பேசுகிறவனா? இன்று கூரியர் கொண்டுவந்த பையனை நான் வாசலில் நிறுத்தி குலம், கோத்திரம், அப்பன் தொழில் எல்லாம் கேட்டேன். அவன் பார்சலை என் காலடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினான். சந்தேகம் வலுக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன், விநாயகர் சதுர்த்தி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அக்காவும் ரேணுவும் கோயிலுக்குப் போனார்கள். லேப்டாப் திறந்தே இருந்தது. நான் கொழுக்கட்டைக்குக் காவல். ஆனால் தாய்மாமனுக்குக் கொழுக்கட்டையைவிடப் பெரிய கடமைகள் உண்டு.

சஞ்சீவ் என்றொரு போல்டர் இருந்தது. படங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒன்றைக்கூட அவள் எடுத்துப் பயன்படுத்தவில்லை. உள்ளதிலேயே நேராகப் பார்க்கிற ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவள் விரல் எங்கெங்கே போகும் என்று ஃபேன் ரிப்பேர் காலத்திலேயே மனப்பாடம் செய்திருந்தேன். கருப்பு ஸ்கிரீனைத் திறந்தேன். ஏத்து என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். படத்தின் பேரை அடித்தேன். எண்டர்.

அது திருப்பிக் கேட்டது. இந்தப் படத்தை ஓர் இடத்தில் வைக்கவா, எல்லா இடத்திலும் வைக்கவா?

ஓர் இடமாம்! பெண்ணெடுக்கும் மாப்பிள்ளை. நான் பார்த்து முடித்த மாப்பிள்ளை. அவருக்கு ஓரிடம் என்றால் நாளைக்குப் பெருந்துறையில் என் மரியாதை என்ன ஆகும்? பந்தியில்கூட மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி போட்டு நிறுத்துகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எல்லா இடத்திலும் என்று தட்டினேன். பெயர்கள் அருவியாகக் கொட்டி முடிந்தன. வீரன் வேலை முடித்ததுபோல் ஒரு கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டினேன்.

மண்டபம் இருந்தது. வாழைமரத்தில் ஒவ்வொரு காயிலும் மாப்பிள்ளை முகம். தேங்காய்த்தட்டில் மூன்று கண்ணுக்குப் பதில் மாப்பிள்ளையின் இரண்டு கண். விளக்கின் சுடரில் மாப்பிள்ளை. பந்தல் துணியில் மாப்பிள்ளை. பட்டுப்புடவையின் கரையில் பொடிப்பொடியாக மாப்பிள்ளை. அக்காவின் கழுத்துக்கு மேல் மாப்பிள்ளை. சின்னம்மா மாப்பிள்ளை. உருமாலைக் கட்டி நின்ற என் தலையிலும் மாப்பிள்ளை. அத்தனையும் என்னையே பார்த்தன. தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். தூணும் பார்த்தது.

அழிக்கும் வழி தெரியவில்லை. அவர்கள் திரும்பி வரும்போது நான் லேப்டாப் முன்னால், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப்போல் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன பண்ணுனீங் மாமா?" என்று கேட்டுக்கொண்டே ரேணு கண்ணாடியை மாட்டினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பாயிருச்சா கண்ணு? ஒரு வரி அடிச்சா அழிஞ்சிரும்ல?"

"அழிஞ்சிருமுங்." கண்ணாடியை அவள் கழற்றவில்லை. "ஆனா இதுல புதுசா ஒண்ணும் இல்லீங் மாமா. இப்பவே எனக்கு இப்பிடித்தான் இருக்குது. எந்தப் பக்கம் திரும்புனாலும் அவரு பாத்துட்டே இருக்கறாரு."

அக்கா சமையலறையில் இருந்தாள். ரேணு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வேலை நேரத்தில் மணிக்கொரு தரம் தன்னைப் படமெடுத்து அவருக்கு அனுப்ப வேண்டுமாம். பின்னால் வீட்டுச் சுவர் தெரிய வேண்டுமாம். போன் எங்கே இருக்கிறது என்பது எப்போதும் அவருக்குத் தெரிய வேண்டுமாம். அன்றைக்கு மொட்டைமாடியில் பேசியது ஆபீஸ் டீம் லீடர் அம்மாளோடு. அதை நிரூபிக்க அந்த அம்மாளையே அவரிடம் பேசவைக்க வேண்டியதாயிற்றாம்.

"வேண்டாம்னு சொல்லிப் போட்டீன்னா?"

"சொன்னனுங். 'நீயா வேண்டாம்னு சொன்னா, உனக்கு வேற ஒருத்தன் இருக்கறான்னு ரெண்டு ஊர்லயும் வீடு வீடாப் போய் நானே சொல்லுவேன்'னாரு. அம்மா தாங்குமுங்களா?" கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது. "அந்த மணைல அவரை வெக்கறதுக்குக் கையே வரலீங் மாமா. அது காலியா இருந்தாத்தான் அந்த மண்டபத்துல என்னால நிக்க முடியுது."

கையிலிருந்த கொழுக்கட்டையைத் தின்றேன். இனிப்புக் கொழுக்கட்டையில் அக்கா எதற்கு இவ்வளவு உப்புப் போட்டாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. மாப்பிள்ளை பலமுறை கூப்பிட்டார். சிக்னல் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிக்னல் வந்தது. எடுத்தேன்.

"ஏனுங்க மாமா, நேத்தெல்லாம் எடுக்கவே இல்லைங்களே? அவ எடுக்க வேண்டாம்னு சொன்னாளா?"

"காதுல தண்ணி போயிருச்சுங்க."

"அவ லேப்டாப் பாஸ்வேர்டு தெரியுங்களா உங்களுக்கு?"

"எதுக்குங்க?"

"சும்மா, பாத்துக்கறதுக்குத்தான். நீங்க பாத்து முடிச்ச இடமுங்க. நாளைக்கு அவ ஏதாச்சும் கோணங்கித்தனம் பண்ணுனா உங்க பேருதானுங்க நாறும். எனக்கென்ன?"

பாஸ்வேர்டு தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். ஆனால் நாக்கு சில நேரம் வேறு திசையில் போய்விடுகிறது. வயசாகிறது.

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி தயாராகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து ஒப்புதல் சொல்ல வேண்டுமாம். வருகிறேன் என்றேன். பத்திரிகையில் தாய்மாமனுக்குச் சரியான மரியாதை கொடுத்திருக்கிறார்களா என்று நான் பார்க்க வேண்டாமா? இந்த விஷயத்தில் நான் மிகவும் கறாரான ஆள். இதுவரை அப்படி இல்லாவிட்டாலும், இன்று காலையிலிருந்து அப்படித்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவமானம். இப்படியோர் அவமானம் அர்த்தநாரி பரம்பரையில் நடந்ததில்லை. எழுத்து கோணுகிறது.

பெருந்துறை வீட்டு கேட் வரைக்கும் வந்து நாச்சிமுத்து என்னை இரண்டு கையாலும் கூட்டிப்போனார். இதில் ஏதாவது குறை உண்டா என்று பார்த்தேன். இல்லை. பெரிய சோபாவை எனக்கு விட்டுவிட்டு அவர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். காப்பி வெள்ளி டம்ளரில் வந்தது. ஆறியிருக்கும் என்று நம்பிக்கையோடு வாயில் வைத்தேன், நாக்கு சுட்டது. பத்திரிகையை நீட்டினார்கள். என் பெயரைக் கடைசியில், பொடி எழுத்தில் தேடினேன். முதல் வரியில், தங்க எழுத்தில், உயர்திரு போட்டு அடித்திருந்தார்கள். படுபாவிகள். மதியம் கறிச்சோறு. நல்லெலும்பெல்லாம் என் இலைக்கே வந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவருடைய தம்பி, பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்குள் பயம் கிளம்பிவிட்டது. இவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் வீட்டில் நான் எங்கே போய்...

கடைசியில் மண்டப வாசலுக்கான பிளக்ஸ் பேனரைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். சொந்தக்காரர் முகங்களெல்லாம் வட்டம் வட்டமாக. என் வட்டத்தைப் பார்த்தேன். மீசையின் இடது நுனி வட்டத்துக்கு வெளியே போய் வெட்டுப்பட்டிருந்தது. ஓர் எறும்பின் நீளம் இருக்கும்.

எழுந்து நின்றேன்.

"யாரைக் கேட்டுங்க என்ற மீசையை வெட்டுனீங்க?"

நாச்சிமுத்து பதறினார். "ஏனுங், வெட்டலீங்க. வட்டத்துக்குள்ள அடங்கலீங்க, அவ்வளவுதான்."

"அடங்கலையா? ஒரு தாய்மாமனைப் பாத்து, உன்ற மீசை அடங்கலைன்னு கறிச்சோத்தப் போட்டுட்டுச் சொல்றீங்களா?"

சஞ்சீவ் வந்தான். "மாமா, டிசைன்தானுங்க. அஞ்சு நிமிசத்துல மாத்திறலாம்."

அவன் மாற்றிவிடுவான் என்று தெரிந்தது. அவசரமாகக் குரலை உயர்த்தினேன். "வெட்டுன மீசையத் திரும்ப ஒட்டறதுக்கு நானென்ன கூத்தாடியா? மாமன் மீசைக்கு மாப்ள மீசை. இப்ப, இந்தச் சபைல, உன்ற மீசையை எடு. செரிக்குச் செரி. எடுத்தாத்தான் புள்ளைக்கு நான் பட்டம் கட்டுவேன். இல்லீன்னா மணவறைப் பக்கமே என்ற நெழல் வராது!"

பங்காளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். அது சஞ்சீவுக்குப் போதுமாக இருந்தது. யாரும் சிரிப்பதை அவனால் பொறுக்க முடியாது என்பதை இந்த இரண்டு வாரப் போன் பேச்சில் கவனித்திருந்தேன்.

"லூசாய்யா நீ? இந்த ஆளு கையால பட்டம் கட்டித்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணுமா? வேண்டாம்ப்பா! இந்தச் சம்பந்தமே எனக்கு வேண்டாம்! போகச் சொல்லு!"

"டேய், டேய்" என்று நாச்சிமுத்து அவன் தோளைப் பிடித்தார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. அவன் சித்தப்பா கேட்டார், பங்காளிகள் கேட்டார்கள், சமையலறை வாசலில் நின்ற பெண்களும் கேட்டார்கள். வெகு ஆழத்தில் பாறை உடைந்து தண்ணீர் மேலே பீறிடும்போது ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவமானத்தால் வந்த காது இரைச்சலாக இருக்கலாம்.

"கேட்டுக்குங்க எல்லாரும். வேண்டாம்னு சொன்னது மாப்ள வீடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். நாச்சிமுத்து கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

அக்கா என்னோடு பேசுவதில்லை. தட்டை டேபிளில் டங்கென்று வைக்கிறாள். நேற்று அழுதுகொண்டே, "அப்பனில்லாத புள்ளை வாழ்க்கைய ஒரு மசுருக்காகக் கெடுத்துப் போட்டியேடா" என்றாள். நியாயம்தான். மீசையும் மயிர்தானே.

நான் காலையும் மாலையும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து, என் மீசைக்கு நேர்ந்த கொடுமையை எடுத்துரைத்து வருகிறேன். தெரிந்தவன், தெரியாதவன், திண்டல் போகிற பஸ்ஸுக்கு நிற்பவன், யாரையும் விடுவதில்லை. சொல்லச் சொல்ல வெட்டின நீளம் வளர்ந்து, இன்று காலை பாதி மீசை வரை வந்துவிட்டது. எனக்கு மீசை மாமன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருவன் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்படியெல்லாம் மீசைக்காக நிக்குமுங்களா? பொண்ணு பக்கம் ஏதாச்சும் இருக்கும். அந்தப் பையன்கூட அப்பிடித்தான் சொல்லிட்டுத் திரியறானாம்" என்றான்.

அவன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். "புள்ளை வீட்டுல அழுதுட்டுக் கெடக்குது. என்னாலதான். என்ற மீசையாலதான். அந்தப் பையனோட அப்பன் நாச்சிமுத்துவையே போய்க் கேளு, பங்காளிகளக் கேளு, மீசைன்னுதான் சொல்லுவாங்க. புள்ளையப் பத்தி இன்னொருக்கா வாயத் தொறந்தீன்னா, உன்ற வீட்டு வாசல்ல ஆயிரம் அடி ஓட்டை போட்டு உன்னைய அதுல எறக்கிப்போடுவேன்."

"செரி விடுங், மீசைன்னே வெச்சுக்கறேன்" என்றான்.

அப்படியே வைத்துக்கொள்ளட்டும். எல்லோரும்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் அக்கா தோசை ஊற்றினாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். மேலே மொட்டைமாடியில் ரேணு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் படிவழியாக இறங்கி வந்தது. அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கல்லில் தோசை கருகியது. அவள் திருப்பவில்லை.

"நேத்து அவ எல்லாத்தையும் சொல்லிப்போட்டா" என்றாள்.

நான் சட்னியைப் பார்த்தேன்.

"மீசைக்காகவாடா போனே?"

"மீசைக்காகத்தான் அக்கா. வேறெதுக்கு?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருகிய தோசையைச் சுரண்டி எடுத்து ஓரமாகப் போட்டாள். புதிதாக மாவு ஊற்றி, வட்டமாக இழுத்து, சுற்றிலும் நெய் விட்டாள்.

"செரி. இனி யாரு வந்து கேட்டாலும் மீசைக்குன்னே சொல்லு" என்று சொல்லி, தோசையை என் தட்டில் போட்டாள். "நானும் அப்படித்தான் சொல்லுவேன்."